பழுது பார்ப்போர்க்கு ஒரு பாண்டியனின் வணக்கம்

கல்வெட்டுகளை வாசித்துப் பழகிய அன்பர்களுக்கு அவற்றின் இறுதி வரிகள் நன்கு தெரிந்தவை. நிலமோ பொன்னோ ஆடோ கோயிலுக்கு அளிக்கப்பட்ட செய்தியைச் சொல்லி முடித்ததும், இந்த அறத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று ஒரு சாபம் வரும். இதைக் காப்பவர் திருவடி தம் தலைமேல் என்று ஓர் உறுதிமொழியும் வரும். சோழ நாட்டிலும் பாண்டி நாட்டிலும் நூற்றுக்கணக்கான ஊர்களில் காணப்படும் வாய்பாடு இது. தென்காசி விசுவநாதர் கோயிலில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் பெயரால் பொறிக்கப்பட்டுள்ள பாடல்களில் இவ்வாய்பாடு ஓரடி முன்னே நகர்ந்திருப்பதைக் காணலாம். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது நேருமாயின், அதைச் செப்பனிடுபவர் யாராயினும், அவர் அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாக அம்மன்னன் உலகறியச் சொல்லிவைக்கிறான்.

காப்பவருக்கு வணக்கம் சொல்வது வேறு, பழுது பார்ப்பவருக்கு வணக்கம் சொல்வது வேறு. முன்னதில் கட்டடம் அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. பின்னதில் அது பழுதுபடும் என்ற தெளிவு இருக்கிறது. கட்டி முடிப்பதற்கு முன்பே அதன் மூப்பை எண்ணிப் பார்த்த ஒருவனின் குரல் அது.

இக்கட்டுரையில் நாம் அந்தக் குரலைத் துணையாகக் கொண்டு, கட்டடங்களில் எல்லாவற்றுக்கும் முன்னால் மூப்படைகிற ஓர் உறுப்பைப் பற்றிப் பேச முற்படுகிறோம். அது மரத்தளம். கோபுரத்தின் உள்ளே நிலைதோறும் இருக்கும் பலகைத்தட்டு, வீட்டின் மச்சு, அம்பலத்தின் மரக்கூரை, புறவாசலில் போட்ட பலகைமேடை ஆகிய அனைத்துக்கும் நோய் ஒன்றே, மருந்தும் ஏறத்தாழ ஒன்றே. அவற்றைப் புதுக்கும் முறையில் நாம் இன்று செய்கிற தவறும் ஒன்றே என்பது நம் கருத்து.

கனவில் வந்த பழுது

பராக்கிரம பாண்டியனின் ஆட்சிக்காலம் 1422 முதல் 1463 வரை எனக் கொள்வர். மதுரை கைவிட்டுப் போன பின்னர்த் தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபு அது. 1446ஆம் ஆண்டில் தென்காசிக் கோயிலின் திருப்பணி தொடங்கிற்று. ஊரில் வழங்கும் கதையில் எறும்புச் சாரி ஒன்று மன்னனை இலிங்கம் இருந்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. கல்வெட்டு சொல்லும் கதையோ வேறு. காசி விசுவநாதர் மன்னனின் கனவில் தோன்றி, வடகாசியில் தம் கோயில் பழுதுற்றுவிட்டது என்றும், சிற்றாற்றின் வடகரையில் தென்காசியில் தமக்கு ஒரு கோயில் எடுக்க வேண்டும் என்றும் கூறினாராம்.

ஆக, இந்த ஊரின் கோயில் ஒரு பழுதின் செய்தியிலிருந்தே பிறக்கிறது. ஓரிடத்தில் இடிந்தது இன்னோரிடத்தில் எழுகிறது. எழுப்பியவனும் இது நாளை பழுதுபடலாம் என்று எண்ணி, வரப்போகிறவனை வணங்கி வைக்கிறான். இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படிக்கும்போது, அவ்வணக்கம் வெறும் புலவர் அணிநயம் அன்று என்பது விளங்கும்.

அவன் அச்சம் பொய்க்கவில்லை. தென்காசியின் பெருங்கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இடி விழுந்து பிளந்தது என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பல தலைமுறைகள் அந்தப் பிளவைப் பார்த்தே வளர்ந்தன. பின்னர் பா. சிவந்தி ஆதித்தன் பெருமுயற்சியால் ஒன்பது நிலைகளும் ஏறத்தாழ 178 அடி உயரமும் கொண்ட இன்றைய கோபுரம் எழுந்து, 1990ஆம் ஆண்டு சூன் மாதம் குடமுழுக்குக் கண்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோயிலில் மீண்டும் ஒரு குடமுழுக்கு நடந்தேறியது. பாண்டியன் வணங்கி வைத்த ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

கோபுரத்தின் வயிறு

வெளியிலிருந்து கோபுரத்தைப் பார்ப்பவர்களுக்கு அது சுதைச் சிற்பங்கள் நிறைந்த ஒரு மலையாகத் தோன்றும். தமிழகத்துப் பழங்கோபுரங்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் கொண்டவை. வாயிலைச் சுற்றிய கீழ்ப்பகுதி கருங்கல்லால் ஆனது. அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, மேலே போகப்போகக் குறுகும் சுவர்கள் எழும். சுவருக்குச் சுவர் உத்திரங்கள் போட்டு, அவற்றின்மேல் குறுக்குக்கட்டைகளும் பலகைகளும் பாவி, நிலைதோறும் ஒரு தளம் அமைப்பர். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு மர ஏணி செல்லும். ஒவ்வொரு நிலையிலும் நடுவே இருக்கும் திறப்பு வழியாக வெளிச்சமும் காற்றும் வரும். சாரலும் அதே வழியாகத்தான் வரும்.

இந்தத் தளங்களில் நாள்தோறும் நடப்பவர் எவரும் இல்லை. புறாவும் வௌவாலும் குடியிருக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி என்று வரும்போது மட்டுமே மனிதர் ஏறுவர். அதற்குள் ஒரு பலகை இற்றுப் போனால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. உத்திரத்தின் தலை சுவருக்குள் உளுத்துப் போனால் ஏறிப் பார்ப்பவர்களுக்கும் எளிதில் தெரியாது. கல்லையும் செங்கல்லையும் விட முன்னதாக மூப்படையும் பொருளை, எவரும் பார்க்காத இடத்தில் வைத்திருக்கிறோம். கோபுரங்களின் நலிவைப் பற்றி யோசிக்கும்போது நாம் கணக்கில் கொள்ள வேண்டிய உண்மை இது.

மரம் மட்டுமே கோபுரங்களை வீழ்த்துகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. கிருட்டிணதேவராயர் 1516ஆம் ஆண்டில் எடுப்பித்த காளத்திப் பெருங்கோபுரம் 2010ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இடிந்து வீழ்ந்ததை நாடே பார்த்தது. விரிசல்கள் முன்பே தெரிந்திருந்தன. ஐந்நூறு ஆண்டு நின்ற கட்டடம் ஒரே இரவில் மண்மேடாயிற்று. புதிய கோபுரம் 2017இல்தான் குடமுழுக்குக் கண்டது. முதுமை என்பது மெதுவாக வந்து திடீரென்று தெரிகிற ஒன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாரலும் மரமும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி என்னும் இவ்வூர்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஆரியங்காவு வழியில் சற்றுத் தாழ்ந்து இடைவெளி விடுகிறது. தமிழகத்தின் பெரும்பகுதி வெயிலில் வாடும் ஆனி, ஆடி மாதங்களில், தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியே நுழைந்து இவ்வூர்களின் மீது பொடித்தூறலாக இறங்குகிறது. குற்றாலச் சீசன் என்று ஊர்கள்தோறும் மக்கள் கிளம்பி வருவது இதற்காகத்தான். கோபுர வாயிலில் வந்து மோதும் காற்றின் வேகத்தைத் தென்காசிக்கு ஒருமுறை போனவர்களும் மறப்பதில்லை.

மனிதர்க்கு இன்பமான இச்சாரல் மரத்துக்குப் பகை. ஏன் என்பதைச் சற்று விளக்குவோம். எப்போதும் உலர்ந்திருக்கும் மரம் நூற்றாண்டுகள் நிற்கும். எப்போதும் நீருக்கடியில் கிடக்கும் மரமும் நூற்றாண்டுகள் கிடக்கும். காஞ்சி வரதராசர் கோயிலின் அனந்தசரசுக் குளத்தில் பள்ளிகொண்டு, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதரைக் கண்முன் கொண்டுவந்தால் போதும். 1979இலும் 2019இலும் வெளிவந்து காட்சியளித்த அத்திருமேனி அத்தி மரத்தாலானது. அத்தி ஒன்றும் தேக்கைப் போல வைரம் பாய்ந்த மரம் அன்று. எனினும் நீருக்குள் காற்று மிகக் குறைவு. காற்றில்லாமல் பூஞ்சை வளராது, மரமும் மட்காது.

நனைந்து, உலர்ந்து, மறுபடியும் நனைகிற மரமே விரைவில் சாகிறது. நனையும்போது உப்புகிறது. உலரும்போது சுருங்குகிறது. இவ்விரண்டும் மாறிமாறி நிகழ்வதால் நெடுக மெல்லிய வெடிப்புகள் தோன்றும். அவ்வெடிப்புகளில் நீர் தங்கும். ஈரமும் காற்றும் இதமான வெப்பமும் ஒருங்கே கிடைக்கும் இடம் பூஞ்சைக்குப் பெருவிருந்து. பூஞ்சை மென்மையாக்கித் தந்த மரத்தைக் கரையான் தின்னும். குற்றாலத்தில் ஒரே நாழிகைக்குள் வெயிலும் தூறலும் மாறிமாறி வரும் என்பதை அறிந்தவர்களுக்கு, இங்கே மரவேலை செய்த தச்சர்களின் சிக்கல் எத்தகையது என்பது புரியும்.

அவர்கள் கண்ட விடைகள்

சிக்கல் பெரிதாக இருந்த இடத்தில் அறிவும் நுட்பமாக வளர்ந்திருக்கிறது. நடராசர்க்குரிய ஐந்து சபைகளில் இரண்டு இந்த வட்டாரத்தில் உள்ளன. திருநெல்வேலித் தாமிரசபை ஒன்று, குற்றாலச் சித்திரசபை மற்றொன்று. தாமிரசபையின் மர வேலைப்பாடுகள் புகழ்பெற்றவை. அதன் மரக்கூரையின்மேல் செப்புத் தகடு வேய்ந்திருக்கிறார்கள். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தை நோக்கி நிற்கும் சித்திரசபைக்கும் செப்புக் கூரைதான். அங்கே ஆடவல்லான் செப்புத் திருமேனியாக இல்லாமல் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறான். சுவர்களெங்கும் ஓவியங்கள். அக்கூரையில் ஒரு பலகை ஒழுகினால் நனையப்போவது வெறும் சுவர் அன்று, இறைவனின் திருவுருவமே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மரத்தைக் காலத்தில் பழுது பார்ப்பது இங்கே வழிபாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

வீடுகளிலும் இதே அறிவைக் காணலாம். இப்பகுதியின் பழைய வீடுகளில் தார்சாவின் மரத்தூண் நேராக மண்ணில் ஊன்றப்படுவதில்லை. கல்லொன்றை அடியில் வைத்து அதன்மேல் தூணை நிறுத்துவர். மண்ணின் ஈரம் கல்லில் நின்றுவிடும். கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி நன்கு வெளியே நீண்டு, தூணின் தலையையும் உத்திரத்தின் முனையையும் சாரலிலிருந்து மறைக்கும். பனையின் வைரம் பாய்ந்த கைகளும் தேக்கும் வேங்கையும் அயினியும் பலாவும், எது எங்கே பொருந்துமோ அங்கே பயன்பட்டன. குற்றாலத்தின் தலமரமே குறும்பலா என்பதை இங்கே சொல்லிவைப்பது பொருத்தம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. மலைக்கு அப்பாலுள்ள மரவேலை மரபும் இப்பால் உள்ள கல்வேலை மரபும் சந்தித்த எல்லை இது. அந்த மலையாள மரபின் மிகச்சிறந்த மரத்தளங்களைக் காண விரும்புவோர் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் அவ்வரண்மனையின் மாடித் தளங்களில் இன்றும் மக்கள் வெறுங்காலுடன் நடக்கின்றனர். அத்தளங்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம் மரத்தின் தரம் மட்டும் அன்று. சாய்ந்த கூரையும், மரச்சட்டங்களின் இடைவெளி வழியே ஓயாமல் ஓடும் காற்றும், இடைவிடாத பராமரிப்பும் சேர்ந்தே அவற்றைக் காத்து வருகின்றன.

புதுக்கும் முறை

இனி, மூப்படைந்த ஒரு மரத்தளத்தைப் புதுக்குவது எவ்வாறு என்று பார்ப்போம். நல்ல ஆசாரி ஒருவர் வந்தால் அவர் முதலில் பலகையைப் பார்ப்பதில்லை. பலகை எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. அவர் கீழே குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். உத்திரத்தின் தலை சுவருக்குள் நுழையும் இடம், இரண்டு கட்டைகள் சேரும் பொருத்து, இரும்பாணி இறங்கிய துளை, தூணின் அடி ஆகிய நான்கும்தான் முதலில் போகும் இடங்கள். நான்கிலும் நீர் வடிய வழியில்லாமல் தங்கும் என்பதே காரணம். கொட்டாப்புளியால் தட்டி ஓசையைக் கேட்பார். கணீரென்றால் நலம், மொத்தென்றால் உள்ளே வெறுமை. உளியின் முனையை அழுத்திப் பார்ப்பார். விரலளவு எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்தக் கட்டை போயிற்று என்று பொருள்.

அடுத்தது முட்டுக்கொடுத்தல். சுமையைத் தற்காலிகக் கால்கள் மீது இறக்கிய பின்னரே எதையும் கழற்ற வேண்டும். பலகைகளுக்கு எண்ணிட்டு வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். உலர்ந்து சுருங்கி ஒன்றுக்கொன்று பழகிப்போன பலகைகள் இடம் மாறினால் மறுபடி பொருந்தமாட்டா. உத்திரத்தில் தலை மட்டுமே கெட்டிருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட பகுதியை நல்ல மரம் தெரியும் வரை அறுத்தெறிந்து, அதே இன மரத்தில் புதிய துண்டைச் சாய்வெட்டாக இணைத்து மர முளை அறைந்தால் போதும். மேற்பக்கம் தேய்ந்த பலகையைப் புரட்டிப் போட்டு இழைத்தால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். திறந்தவெளித் தளமாயின் பலகைகளுக்கிடையே நீர் வடிய இடைவெளி விட வேண்டும். தளம் முழுவதும் சிறிது சாய்வாக இருக்க வேண்டும். அடியில் காற்றுப் போக வேண்டும். தூணடிகள் கல்லின்மேல் நிற்க வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெயோ வேறு எண்ணெயோ பூசுவது இதற்கெல்லாம் பிறகுதான். நீர் தங்கும் அமைப்பை வைத்துக்கொண்டு எண்ணெய் பூசுவது, ஓட்டைப் பானையைத் துலக்கி வைப்பது போன்றது.

இம்முறையில் அடங்கியுள்ள கருத்து ஒன்றை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். மரத்தளம் பகுதிபகுதியாகச் சாகிறது. ஆகையால் அதைப் பகுதிபகுதியாகவே பிழைப்பிக்க முடியும். கட்டும்போதே, பின்னால் வருபவன் கழற்றிப் பூட்டத்தக்க வகையில் கட்டியிருக்க வேண்டும் என்பதே இதற்குரிய ஒரே நிபந்தனை. நாக்கும் துளையுமாகச் சேர்ந்த பொருத்து, பின்னால் வருபவனுக்கு முன்னவன் விட்டுச்சென்ற கதவு. பராக்கிரம பாண்டியன் சொல்லில் செய்ததை அந்தப் பெயர் தெரியாத தச்சன் வேலையில் செய்திருக்கிறான் எனலாம்.

கடலுக்கு அப்பால்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளின் புறவாசலில் 'டெக்' என்று ஒரு பலகைமேடை இருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். கோடையில் நாற்காலி போட்டு அமரும் இடம். மழையும் பனியும் வெயிலும் மாறிமாறி விழுவதால் அதன் கதி குற்றாலத்து மரத்தின் கதியேதான். வெளியில் கிடக்கும் அந்த மரத்தைக் காக்கப் பல பத்தாண்டுகளாக அவர்கள் பயன்படுத்திய மருந்து ஓர் இந்தியரின் கண்டுபிடிப்பு என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் கலவை ஒன்றை உருவாக்கினார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும். ஆர்செனிக் கரையானைக் கொல்லும். குரோமியம் அவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். 'ஆஸ்கு' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை பற்றிய கவலையால் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவது கைவிடப்பட்டது. செம்பைக் கொண்ட வேறு கலவைகள் அதன் இடத்தைப் பிடித்தன. மருந்தால் மூப்பைத் தள்ளிப்போடலாம், நீக்க முடியாது என்பதை அங்கும் உணர்ந்தே இருக்கிறார்கள்.

மூப்பைத் தள்ளிப்போடவே முயலாத ஒரு மரபும் உண்டு. சப்பானின் இசே ஆலயம் முழுவதும் மரத்தாலானது. ஏழாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிய ஆலயம் எழுப்பிப் பழையதைக் கலைத்துவிடுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆம் முறை. அடுத்தது 2033இல். கலைத்த மரங்கள் வீணாவதில்லை, வேறு ஆலயங்களுக்கும் வாயில்களுக்கும் போகின்றன. ஒரு தச்சன் தன் வாழ்நாளில் இளையவனாக ஒருமுறையும் ஆசானாக ஒருமுறையும் இப்பணியில் நிற்க முடியும். ஆலயத்தின் மரம் மாறுகிறது, தச்சுக்கலை மாறாமல் கைமாறுகிறது.

இங்கே ஒரு காலப் பொருத்தம் நம்மை வியக்க வைக்கிறது. இசே உள்ளாலயத்தின் புதுப்பிப்பு 1462இல் நடந்த பின்னர், உள்நாட்டுப் போர்களால் 1585 வரை தடைப்பட்டுப் போயிற்று. தென்காசியில் பராக்கிரம பாண்டியனின் இறுதி ஆண்டுகளும் அவையே. ஒழுங்காக நடந்துவந்த புதுப்பிப்பு ஓரிடத்தில் அறுபட்ட அதே காலத்தில், மற்றோரிடத்தில் ஒரு மன்னன் யாராவது வந்து பழுது பார்க்க வேண்டுமே என்ற கவலையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஒருவரையொருவர் அறியாதவர்கள், கவலை மட்டும் ஒன்று.

கழற்ற முடியாத தளம்

நமக்கும் இதற்குரிய சொல்லும் சடங்கும் உண்டு. சீரணோத்தாரணம் என்பது ஆகமச் சொல். சீரணித்ததை, அதாவது தேய்ந்ததை, மேலே தூக்கி நிறுத்துதல் என்று பொருள். திருப்பணி நடக்கும் காலத்தில் மூலவரின் ஆற்றலைப் பாலாலயத்துக்கு மாற்றும்போது, அத்திப்பலகையில் உருவெழுதி அதில் எழுந்தருளச் செய்யும் வழக்கம் உண்டு. கல்லாலான கோயிலைச் செப்பனிடும் காலம் வரை இறைவன் ஒரு மரப்பலகையில் தங்கியிருக்கிறான். பழுது பார்த்தல் நம் மரபில் எவ்வளவு மதிப்புக்குரியதாக இருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சொல் இருக்கிறது, சடங்கு இருக்கிறது. செயல்முறைதான் மாறிவிட்டது. மச்சில் ஒரு கட்டை இற்றுப் போனதும் மச்சு முழுவதையும் இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது இன்று இயல்பாகிவிட்டது. மரத்தின் விலையும் ஆசாரிகள் கிடைக்காத நிலையும் நாம் அறியாதவை அல்ல. ஏழை வீட்டுக்காரரைக் குறை சொல்வது நம் நோக்கமும் அன்று. ஆனால் கான்கிரீட்டுக்கு மூப்பில்லை என்ற எண்ணம் தவறானது. சாரல் விழும் ஊரில் மெல்லிய வெடிப்பு வழியே ஈரம் இறங்கி உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையை உடைத்துத் தள்ளுகிறது. இற்றுப்போன பலகை ஒன்றைக் கழற்றி மாற்றலாம். துருவேறிய தளத்தில் ஒரு முழக் கம்பியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. ஒட்டுப்போட்டுப் பார்க்கலாம், ஒருநாள் முழுவதையும் இடிக்கத்தான் வேண்டும். பின்னால் வருபவனுக்குக் கதவு விடாத கட்டடம் அது.

கோயில்களில் இதன் விளைவு இன்னும் பெரிது. மணல் வீச்சால் கல்லைச் சுத்தம் செய்து கல்வெட்டெழுத்துகளை மங்க வைத்ததும், ஓவியங்களின்மேல் வண்ணம் அடித்ததும், பழைய தளவரிசையைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் பதித்ததும் நம் தலைமுறையின் திருப்பணிகளிலேயே நடந்தவை. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2017இல் யுனெஸ்கோ வல்லுநர்கள் தமிழகக் கோயில் திருப்பணிகளை ஆராய்ந்து குறைகளைச் சுட்டும் அளவுக்குச் சென்றது நிலைமை. ஆர்வம் குறைவாக இருந்ததால் இவை நேரவில்லை. ஆர்வம் மிகுதியாகவே இருந்தது. பழையதைப் பிழைப்பிப்பதையும் புதியதைப் போடுவதையும் ஒன்றென்று எண்ணியதால் நேர்ந்தவை இவை.

சில வேளைகளில் முழுவதையும் புதிதாகவே எழுப்ப வேண்டியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. தென்காசிக் கோபுரமே அதற்குச் சான்று. பிளந்து நின்றதைப் பிளந்தபடியே விட்டிருந்தால் பாண்டியனின் வணக்கத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போயிருக்கும். ஆனால் அத்தனை பெரிய முயற்சி தேவைப்படுகிற நிலை வருவதற்கு முன், சிறிய முயற்சிகள் போதுமானதாக இருந்த ஆண்டுகள் எந்தக் கட்டடத்துக்கும் பல இருக்கும். ஒரு பலகை, ஓர் உத்திரத்தின் தலை, ஒரு செப்புத் தகடு என்ற அளவிலேயே முடிந்திருக்கக்கூடிய வேலைகள். அவற்றைச் செய்பவருக்குக் கல்வெட்டும் கிடைக்காது, குடமுழுக்கும் கிடைக்காது. பராக்கிரம பாண்டியன் யாராயினும் என்று சொன்னபோது அவர்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறான் என்று கொள்வதே முறை. பொருள் தந்தவருக்கு மட்டும் என்று அவன் வரையறை செய்யவில்லை. சாரத்தில் ஏறி இற்றுப்போன கட்டையை அறுத்து இறக்கிய ஆசாரியின் காலடியிலும் அவ்வணக்கம் விழத்தான் செய்கிறது.

சீசன் காலத்தில் குற்றாலம் செல்லும் அன்பர்கள், அருவியில் குளித்துத் தலை துவட்டிய பின் சற்று நேரம் ஒதுக்கிச் சித்திரசபைக்குச் செல்லுங்கள். ஓவியங்களைப் பார்த்து முடித்ததும் ஒருமுறை அண்ணாந்து கூரையைப் பாருங்கள். அங்கிருந்து தென்காசிக்கு அதிகத் தொலைவில்லை. கோயிலில் அந்தப் பாடல் பொறித்த கல்லை விசாரித்துக் கண்டு படியுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் மச்சின் அடிப்பக்கத்தை, உத்திரம் சுவருக்குள் நுழையும் அந்த இடத்தை, ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். மொத்தென்று ஒலிக்கும் கட்டை ஒன்றிருந்தால், அடுத்த சாரலுக்கு முன் ஓர் ஆசாரியை அழைத்து அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.